ஏழரை மாதப் பிரதமருக்கு எதற்கு மாலை?

கணக்கப்பிள்ளை | நவம்பர் 1, காலை 9.40

நவம்பர் 1, புதுச்சேரி விடுதலை நாள் வந்தால் நம் குழுவில் கொடிப் படங்கள் வரிசை கட்டும். இந்த ஆண்டு புதிதாக ஒன்று வந்திருக்கிறது. நேரு படத்துக்குப் பக்கத்தில், காலையில் மழித்த தாடி மதியத்துக்குள் திரும்பிவிட்டது போன்ற முகத்தோடு ஒரு பிரெஞ்சுக்காரர். அடியில் ‘புதுச்சேரிக்கு விடுதலை தந்தவர் பியேர் மெந்தேஸ் பிரான்ஸ்’ என்று எழுதியிருக்கிறது. பிரான்ஸ் என்பது அவர் குடும்பப் பெயரின் பாதி. நாட்டின் பெயரைப் பட்டமாகச் சூட்டிக்கொண்டார் என்று யாரும் எண்ண வேண்டாம்.

நாற்பது ஆண்டுகள் கணக்கு எழுதிய கை இது. வரவையும் செலவையும் பிரித்துப் பார்க்காமல் ஒப்பம் போட வராது. இவர் பிரான்சின் பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்தது 1954 ஜூன் 18. இறக்கிவிட்டது 1955 பிப்ரவரி 5. கூட்டினால் ஏழரை மாதம். ஏழரை என்றால் நமக்கு என்ன நினைவுக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த ஏழரையில் இவர் எதைச் சாதித்தார்? வியட்நாம், லாவோஸ், கம்போடியா அடங்கிய பிரெஞ்சு இந்தோசீனாவில் நடந்த போரை முடித்தார் என்பார்கள். அங்கே பிரெஞ்சுப் படை வைத்திருந்த தியென் பியென் பூ கோட்டை விழுந்தது மே 7இல். சமாதானம் பேச ஜெனீவா மாநாடு அதற்கு முன்பே கூடிவிட்டது. புதுச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். நெட்டப்பாக்கத்தில் மார்ச் மாதமே இந்தியக் கொடி ஏறிவிட்டது. அதுவரை பிரெஞ்சுக்காரர்களின் வலது கையாக இருந்த எதுவார் குபேர் கட்சி மாறிவிட்டார். ஏனாம் ஜூன் 13இல் போயிற்று. அப்போது இவர் பிரதமரே இல்லை. விழப்போகிற மாம்பழத்துக்குக் கீழே துண்டை விரித்தவருக்கு மாம்பழம் தந்தவர் என்று பெயரா?

படத்தை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

மணிமொழி | நவம்பர் 1, காலை 10.15

படத்தைப் போட்டது நான்தான் ஐயா. பெயரைச் சொல்லாமல் விட்டதற்கு நன்றி. ஆனால் எடுக்கமாட்டேன்.

பழுத்த பழத்தைக் கயிறு போட்டு மரத்தோடு கட்டிவைப்பவர்களும் இருக்கிறார்கள். அதே 1954இல், அதே ஆடி மாத வாக்கில், தாத்ராவும் நாகர் ஹவேலியும் போர்ச்சுகல் கையை விட்டுப் போயின. அந்நாட்டுச் சர்வாதிகாரி சலாசார் பாடம் கற்றாரா? கோவாவை 1961 டிசம்பர் வரை விடவில்லை. படை போய்த்தான் இறக்க வேண்டியிருந்தது. பிரான்சும் அப்படிச் செய்திருக்கலாம். குபேர் மாறியதும் ஏனாம் போனதும் பாரிஸின் பழைய அமைச்சர்களுக்கும் தெரியும். அவர்கள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள், முறித்தார்கள், மறுபடி நடத்தினார்கள். இவர் வந்தது ஜூனில். கீழூரில் வாக்கெடுப்பு அக்டோபர் 18. டெல்லியில் ஒப்பந்தம் அக்டோபர் 21. கொடி மாறியது நவம்பர் 1. நான்கரை மாதம் ஐயா. எங்கள் தெருவில் சாக்கடை மூடி மாற்ற இதைவிட அதிக நாள் ஆயிற்று.

மாம்பழம் மே மாதத்தில்தான் பழுத்தது என்பதும் சரியில்லை. 1950 அக்டோபரிலேயே இவர் நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்னார்: இந்தோசீனாவில் வெல்ல வேண்டுமென்றால் மூன்று மடங்கு படையும் மூன்று மடங்கு பணமும் வேண்டும்; அது முடியாது என்றால் எதிரியோடு உட்கார்ந்து பேசுங்கள்; மூன்றாவது வழி கிடையாது. நான்கு ஆண்டுகள் எல்லோரும் அந்த மூன்றாவது வழியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 1953 ஜூனில் பிரதமர் பதவிக்கு முதன்முறை நின்றபோது ‘ஆள்வது என்றால் தேர்ந்தெடுப்பது’ என்றார். 13 வாக்கில் தோற்றார். தியென் பியென் பூ விழுந்த பிறகுதான் கூப்பிட்டார்கள்.

செங்கொடி64 | நவம்பர் 1, காலை 11.02

டீச்சருக்கும் ஐயாவுக்கும் வணக்கம். இருவருமே ‘தந்தார்’ என்ற சொல்லை விடமாட்டேன் என்கிறீர்கள். எனக்கு உறுத்துவதே அதுதான்.

1936 ஜூலை 30இல் புதுச்சேரி சவானா பஞ்சாலை வாசலில் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளிகள் செத்தார்கள். அன்றைக்குப் பாரிஸில் ஆட்சி யாருடையது? இடதுசாரிக் கூட்டணியான மக்கள் முன்னணி ஆட்சி. உங்கள் மெந்தேஸ் பிரான்ஸ் அந்த ஆளும் கூட்டணியின் இளம் உறுப்பினர். எங்கள் கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா நாடுகடத்தப்பட்டார், சிறையில் கிடந்தார், திரும்பி வந்தார், போராடினார். பதினெட்டு ஆண்டுகள் இங்கே இரத்தம் சிந்திய கணக்கை, அங்கே நான்கரை மாதம் கோப்பு நகர்த்தியவர் பெயரில் எழுதுகிறீர்கள். வேண்டுமானால் ‘தடுக்காதவர்’ என்று போடுங்கள். அதற்கு மேல் ஓர் எழுத்துகூடக் கூடாது.

இந்தோசீனா பற்றியும் ஒன்று. அமைதி விரும்பி என்கிறீர்களே, ஜூலை 7இல் அதே நாடாளுமன்றத்தில் என்ன சொன்னார்? உடன்பாடு வரவில்லையென்றால், தான் விலகுவதற்கு முன் கட்டாயப் படைச் சேவை இளைஞர்களை இந்தோசீனாவுக்கு அனுப்பச் சட்டம் கொண்டுவருவேன் என்றார். அதுவரை எந்தப் போர்வெறியனும் துணியாத பேச்சு அது.

கணக்கப்பிள்ளை | நவம்பர் 1, காலை 11.20

தோழர் எனக்கு ஆதரவாகப் பேசுவது இந்த மன்றத்தில் இதுவே முதல்முறை. தேதியைக் குறித்துவைக்கிறேன்.

முத்தியால்பேட்டை | நவம்பர் 1, மதியம் 1.35

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும்.

என் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். 1954இல் சைகோனில் இருந்தார். போரைப் பற்றி வாயே திறக்கமாட்டார். ஓய்வூதியம் வாங்க ஆண்டுதோறும் உயிரோடிருப்பதற்கான சான்றுக் காகிதம் கொடுக்க வேண்டும். அதை நிரப்பும் நாளில் மட்டும் ‘இது இருபதாம் தேதி போட்ட பிச்சை’ என்று முனகுவார். பாட்டிக்கே பொருள் தெரியாது.

அவர் போன பிறகு தகரப் பெட்டியைத் திறந்தோம். 1954ஆம் ஆண்டு நாட்காட்டியில் ஒரே ஒரு தாள், ஜூலை மாதம் மட்டும். 20 என்ற எண்ணைச் சுற்றிப் பென்சில் வட்டம். அதற்கு முந்தைய நாள்களில் எல்லாம் சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகள். கல்லூரியில் படிக்கும்போதுதான் எனக்கு அது விளங்கியது. பதவியேற்கும்போதே மெந்தேஸ் பிரான்ஸ் நாள் குறித்துவிட்டார்: ஜூலை 20க்குள் போர்நிறுத்தம், இல்லாவிட்டால் என் அரசு விலகும். தாத்தா நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த மனிதர் பெரிய ஆளா சின்ன ஆளா என்று எனக்குத் தெரியாது. முகம் தெரியாத ஒரு சொல்தாவை நாள் எண்ண வைத்தார். அது மட்டும் தெரியும்.

மணிமொழி | நவம்பர் 1, மதியம் 2.10

தம்பி, அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

தோழருக்கு: கட்டாயச் சேவை இளைஞர்களை அனுப்புவேன் என்றது உண்மை. ஆனால் அதை யாருக்குச் சொன்னார் என்று பாருங்கள். பேச்சை இழுத்தடித்தால் எதிரில் நிற்கப்போவது களைத்துப்போன கூலிப் படை அல்ல என்று ஜெனீவா மேசைக்கு எதிரில் இருந்தவர்களுக்குச் சொன்னார். உன் பிள்ளையை அனுப்பவும் தயாரா, இல்லை பேசி முடிக்கட்டுமா என்று தன் நாட்டுக்காரனையும் கேட்டார். அதுவரை இந்தப் போரில் செத்தவர்கள் தாமாகப் படையில் சேர்ந்த பிரெஞ்சுக்காரர்கள், மொராக்கோக்காரர்கள், செனகல்காரர்கள், வெளிநாட்டுப் படைப்பிரிவினர், நம் சொல்தாக்கள். தன் வீட்டுப் பிள்ளை போகாத போரை எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் நடத்தலாம். அந்த வசதியைத்தான் அவர் பறித்தார்.

அந்த ஜூலை 20 இரவு ஒரு நாடகம். வியட்நாமை எந்த இடத்தில் பிரிப்பது என்று கோடு தெற்கும் வடக்குமாக நாள் கணக்கில் இழுபட்டுக் கடைசியில் 17ஆவது அட்சக்கோட்டில் நின்றது. தேர்தல் இரண்டு ஆண்டு கழித்து, 1956 ஜூலையில் என்று முடிவாயிற்று. எல்லாம் முடிந்தது என்று பார்த்தால் கம்போடியப் பிரதிநிதி எழுந்து, எங்கள் நாட்டுக்கு இந்த நிபந்தனை பொருந்தாது என்று நள்ளிரவைத் தாண்டியும் பிடிவாதம் பிடித்தார். மெந்தேஸ் பிரான்சின் கெடு பன்னிரண்டு மணியோடு முடிகிறது. மாநாடு நடந்த மாளிகையில் கடிகாரத்தை நிறுத்திவைத்தார்கள். கையெழுத்தானது 21ஆம் தேதி விடியற்காலை. காகிதத்தில் தேதி 20. கணக்கப்பிள்ளை ஐயா, முன்தேதியிட்ட ரசீதுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று அறிய ஆசை.

கணக்கப்பிள்ளை | நவம்பர் 1, மதியம் 2.48

முன்தேதி போட்ட ரசீதைக் கண்டால் குமாஸ்தாவை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இருந்தாலும் சில மணி நேரப் பிசகுதான். ஓர் அரசியல்வாதி சொன்ன கெடுவுக்குள் ஏதோ ஒன்றைச் செய்தான் என்பதே அதிசயம் என்பதால் தள்ளுபடி செய்கிறேன்.

செங்கொடி64 | நவம்பர் 1, மாலை 4.30

கடிகாரத்தை நிறுத்தினார்கள், சரி. கோட்டை யார் இழுத்தார்கள்? பிரான்சை எதிர்த்துப் போரிட்ட வியட்மின் படை அன்று நாட்டின் பெரும்பகுதியில் நடமாடிக்கொண்டிருந்தது. அவர்கள் பிரதிநிதி பாம் வான் தோங் கேட்டது 13ஆவது அட்சக்கோடு. 17க்கு ஒப்புக்கொள்ள வைத்தது சோவியத்தின் மொலோட்டோவும் சீனாவின் சூ என்லாயும். அவர்களுக்கு அவரவர் காரணம் இருந்தது. மெந்தேஸ் பிரான்ஸ் ஜெனீவாவில் வென்றார் என்றால், அது அடுத்தவர் பையிலிருந்து எடுத்துக் கட்டிய மொய். அந்த 1956 தேர்தல் நடக்கவே இல்லை. தெற்கை ஆண்ட தியெம் மறுத்தார். அமெரிக்கா அந்தப் பிரகடனத்தை ஏற்கவே இல்லை. அங்கிருந்து அடுத்த போர்.

இதெல்லாம்கூடப் போகட்டும். நீங்கள் கொடி ஏற்றும் இதே நவம்பர் 1க்கு வருவோம். 1954இல் அந்த நாள் விடிவதற்குள் அல்ஜீரியாவில் நாடு நெடுகக் குண்டு வெடித்தது. அங்கே விடுதலைப் போர் தொடங்கிய நாளே இங்கே கொடி மாறிய நாள். ஒரே பிரதமர், ஒரே காலை. இங்கே இந்திய அரசின் பிரதிநிதி கேவல் சிங்கிடம் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டு, அங்கே என்ன செய்தார்? நவம்பர் 12இல் நாடாளுமன்றத்தில் பேசினார். அல்ஜீரிய மாவட்டங்கள் பிரெஞ்சுக் குடியரசின் பகுதி. நெடுங்காலமாக, மாற்ற முடியாதபடி பிரெஞ்சு மண். பிரிவது என்பதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. அவருடைய உள்துறை அமைச்சர் மித்தரானும் அதே பல்லவி. படைகள் கப்பல் ஏறின.

புதுச்சேரிக்காரனுக்கு விடுதலை, அல்ஜீரியனுக்குத் துப்பாக்கி. இதில் கொள்கை எங்கே இருக்கிறது டீச்சர்?

நடுவண் | நவம்பர் 1, மாலை 4.41

பாப்கார்ன் வேண்டும். இல்லை, தலைவரின் நினைவாக ஒரு டம்ளர் பால் போதும்.

கணக்கப்பிள்ளை | நவம்பர் 1, மாலை 5.05

அல்ஜீரியாவில் கொள்கை இல்லை தோழரே, கணக்கு இருக்கிறது. நான் காலையிலிருந்து சொல்ல வந்தது இதுதான். இவரைத் தியாகி என்றும் விடுதலை வள்ளல் என்றும் பார்ப்பதால்தான் குழப்பம். பேரேட்டைத் திறந்து பாருங்கள். இந்தோசீனா: செலவு தாங்கவில்லை, கைவிடு. புதுச்சேரி: கடலை விட்டால் சுற்றிலும் இந்தியா, வருமானம் ஒன்றுமில்லை, கைவிடு. துனிசியா: ஜூலை 31இல் மார்ஷல் ழுவேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கார்த்தேஜ் அரண்மனைக்குப் போய் உள்நாட்டுத் தன்னாட்சி தருகிறேன் என்றார், அங்கும் முதலைவிட வட்டி அதிகம். அல்ஜீரியாவில் ஏறக்குறைய பத்து லட்சம் ஐரோப்பியக் குடியேறிகள், நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு உறுப்பினர்கள், அவருடைய சொந்தக் கட்சியிலேயே அவர்களுக்கு ஆள். அந்தக் கணக்கு வேறு பக்கத்தில் எழுதப்பட்டது. நல்ல கணக்கர். அதற்காக மாலை போடுவார்களா? எனக்கு யாரும் போடவில்லை.

மணிமொழி | நவம்பர் 1, மாலை 6.20

நவம்பர் 12 பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை. வகுப்பில் அவரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அந்த இடத்தில் நாக்கு தடுக்கும். அன்று அவருக்கு நாடாளுமன்றத்தில் கழுத்தில் கத்தி, ஒரு சொல் மாறிப் பேசியிருந்தால் மறுநாள் ஆட்சி இருந்திருக்காது என்று சமாதானம் சொல்லலாம். அந்தச் சமாதானம் எனக்கே போதவில்லை.

ஆனால் கணக்கு மட்டும்தான் என்றால் சில பதிவுகள் உங்கள் பேரேட்டில் பொருந்தாது ஐயா.

1936. பெர்லின் ஒலிம்பிக்குக்குப் பிரெஞ்சு அணியை அனுப்பப் பணம் ஒதுக்கும் தீர்மானம். எதிர்த்து வாக்களித்த ஒரே உறுப்பினர் இவர். வயது 29. ஆளும் கூட்டணியின் உறுப்பினர் என்று தோழர் சொன்ன அதே ஆண்டு. இதில் இலாபம் எவ்வளவு?

1940. பிரான்ஸ் வீழ்ந்தபோது வட ஆப்பிரிக்காவிலிருந்து போரைத் தொடரலாம் என்று மசிலியா கப்பலில் ஏறிப் போனார். விமானப்படை அதிகாரியான அவரை, ஜெர்மனிக்குப் பணிந்துபோன பெத்தேன் அரசின் ஆட்கள் ‘படையை விட்டு ஓடியவன்’ என்று பிடித்தார்கள். யூதர் என்பதுதான் உண்மையான குற்றம். கிளேர்மோன் ஃபெரானில் இராணுவ நீதிமன்றம் ஆறு ஆண்டு சிறை விதித்தது. 1941 ஜூன் 21 இரவு சிறை மதிலில் ஏறிவிட்டார். மறுபக்கம் குதிக்க வேண்டியதுதான் பாக்கி. கீழே மரத்தடியில் ஒரு காதல் ஜோடி. பையன் கெஞ்சுகிறான், பெண் இழுத்தடிக்கிறாள். மதில் மேல் பூனை மாதிரி இவர் உட்கார்ந்து காத்திருக்கிறார். கடைசியில் அவள் சரி என்றபோது, அந்தப் பையனைவிட எனக்குத்தான் அதிக மகிழ்ச்சி என்று பின்னாளில் சொன்னார். அவர்கள் போன பிறகு குதித்தார்.

லண்டன் போனவர் அலுவலக நாற்காலி கேட்கவில்லை. லொரேன் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் சேர்ந்து பறந்தார். ஜெர்மனிக்குப் பணியாத பிரெஞ்சுக்காரர்களுக்குத் தலைமை தாங்கிய தெ கோல்தான் 1943இல் அவரை விமானத்திலிருந்து இறக்கி நிதிப் பொறுப்பைக் கொடுத்தார்.

அந்தப் பால் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நடுவண் சிரித்துவிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் குடித்தே கெடுகிறார்கள் என்று பள்ளிகளில் பால் கொடுக்க வைத்தார். விருந்துகளில் எல்லோர் முன்னாலும் பால் குடித்தார். வீட்டில் சாராயம் காய்ச்சும் தனியுரிமையில் கை வைத்தார். அவர் தொகுதி லூவியே, ஆப்பிள் சாராயத்துக்குப் பேர்போன நார்மண்டியில் இருக்கிறது! சொந்த வாக்காளன் அடுப்பை அணைத்தவர். கடைக்காரர் சங்கத் தலைவர் புஜாத், உன் உடம்பில் ஒரு சொட்டுப் பிரெஞ்சு இரத்தம் இருந்தால் பால் குடிப்பாயா என்ற பொருளில் பேசினார். பால் என்ற சாக்கில் அவர் சொல்ல வந்தது யூதன் என்பதை.

கணக்கப்பிள்ளை | நவம்பர் 1, இரவு 7.10

மதில் கதை எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கிறது.

நிதி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இதை அவருக்குச் சாதகமாகவே சொல்கிறேன். 1944இல் விடுதலையான பிரான்சில் பணம் மலைபோல் குவிந்திருந்தது, பொருள் இல்லை. பக்கத்து பெல்ஜியம் பழைய நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக் கணக்குகளை முடக்கியது. பொருளாதார அமைச்சராக இருந்த இவர், நாமும் செய்வோம் என்றார். நிதியமைச்சர் பிளவென் வேண்டாம், ஜனங்கள் ஏற்கெனவே நொந்திருக்கிறார்கள் என்றார். தெ கோல் பிளவென் பக்கம் சாய்ந்தார். இவர் 1945 ஏப்ரலில் வெளியேறினார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே பிராங்கின் மதிப்பைக் குறைக்க வேண்டி வந்தது. விலைவாசி ஆண்டுக்கணக்கில் ஏறிக்கொண்டே போயிற்று. கசப்பு மருந்தை முதல் நாளே கொடு என்றவர் சொன்னதே சரி.

ஆனால் பாருங்கள், அதிலும் ராஜினாமா. 1956இல் மறுபடி ராஜினாமா. ராஜினாமாச் சக்கரவர்த்தி. உள்ளே இருந்து சண்டை போடுபவனுக்குத்தான் கை அழுக்காகும். வெளியே போகிறவன் வேட்டி வெள்ளையாகவே இருக்கும்.

செங்கொடி64 | நவம்பர் 1, இரவு 8.00

அந்த வெள்ளை வேட்டியையும் கொஞ்சம் உதறிப் பார்ப்போம். 1956 ஜனவரித் தேர்தலில் மெந்தேஸ் பிரான்ஸ் முகத்தைக் காட்டித்தான் குடியரசு முன்னணிக் கூட்டணி வாக்கு வாங்கியது. அல்ஜீரியாவில் அமைதி என்பதுதான் வாக்குறுதி. பிரதமரானவர் கீ மொல்லே. இவர் இலாகா இல்லாத அமைச்சர். மார்ச் மாதம் அல்ஜீரியாவில் எதையும் செய்யலாம் என்று அரசுக்குச் சிறப்பு அதிகாரம் கொடுத்தார்கள். அப்போது அந்த அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தாரா இல்லையா? விலகியது மே மாதம். இரண்டு மாதத் தாமதம்!

மணிமொழி | நவம்பர் 1, இரவு 8.12

உட்கார்ந்திருந்தார். அந்தச் சிறப்பு அதிகாரத்துக்கு ஆதரவாகப் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியும் வாக்களித்தது தோழரே. அவர்கள் எத்தனை மாதத் தாமதம்?

செங்கொடி64 | நவம்பர் 1, இரவு 8.15

அது தவறு. நான் மறுக்கவில்லை.

நடுவண் | நவம்பர் 1, இரவு 8.16

இதை யாராவது சட்டம் போட்டு மாட்டுங்கள்.

நெறியாளர் | நவம்பர் 1, இரவு 8.30

நடுவணுக்கு எச்சரிக்கை. மற்றவர்கள் தொடரலாம்.

மணிமொழி | நவம்பர் 1, இரவு 9.05

ராஜினாமா வசதியான வேலை என்கிறார் ஐயா. 1955 பிப்ரவரி 5இல் அவர் விலகவில்லை, வீழ்த்தப்பட்டார். வீழ்த்தியவர்களை எண்ணுங்கள். ஐரோப்பிய இராணுவத் திட்டம் ஆகஸ்ட் 30இல் 319க்கு 264 என்று செத்தபோது இவர் அதைக் காப்பாற்றவில்லை என்று ஒரு கட்சிக்குக் கோபம். பதவியேற்பின்போது உங்கள் வாக்கை எண்ணமாட்டேன் என்று சொன்னதற்காகக் கம்யூனிஸ்டுகளுக்குக் கோபம். சாராயக்காரர்களுக்குக் கோபம். கடைசி அடியை அடித்தவர் ரெனே மேயர். இவருடைய கட்சிக்காரர், அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் தொகுதி உறுப்பினர். வட ஆப்பிரிக்காவில் சீர்திருத்தம் என்று இவர் கிளம்பியதுதான் மேயரின் குற்றச்சாட்டு. அதாவது தோழருக்கு எது போதவில்லையோ, அதுவே குடியேறிகளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. 319க்கு 273.

தோற்ற பிரதமர் பேசாமல் வெளியேறுவது அங்கே வழக்கம். இவர் மறுபடி மேடை ஏறினார். ஆட்கள் போவார்கள், நாட்டின் தேவைகள் அப்படியே நிற்கும் என்று சொல்ல ஆரம்பித்தார். மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டு அடக்கினார்கள்.

பிறகு 1958இல் தெ கோல் இராணுவக் கலகத்தின் தோளில் ஏறி வந்தபோது, தன்னை விமானத்திலிருந்து இறக்கிப் பதவி கொடுத்த அதே மனிதருக்கு எதிராக வாக்களித்தார். அந்த நவம்பரில் தொகுதியே போயிற்று. 1967இல் கிரனோபிளில் வென்றார். 1968 மே மாதம் மாணவர்கள் கூடிய ஷார்லெத்தி மைதானத்துக்குப் போய் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார், அடுத்த மாதத் தேர்தலில் 132 வாக்கில் தோற்றார். இதெல்லாம் வேட்டியைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆள் செய்கிற வேலையா ஐயா?

கணக்கப்பிள்ளை | நவம்பர் 1, இரவு 9.40

132 வாக்கா? பாவம்.

சரி, மதிப்பெண் போடுகிறேன். நாணயம்: முழு மதிப்பெண். பிழைக்கத் தெரிந்தது: பூஜ்யம். அல்ஜீரியா: தோழர் சொன்னது நிற்கிறது, டீச்சரும் ஒப்புக்கொண்டுவிட்டார். புதுச்சேரிக்கு வருகிறேன், அதுதானே தகராறு. பிரெஞ்சு அரசமைப்பு, மக்கள் சம்மதம் இல்லாமல் மண்ணைக் கைமாற்றக் கூடாது என்றது. ஊரில் வீட்டுக்கு வீடு வாக்கெடுப்பு நடத்தினால் வன்முறையும் சூழ்ச்சியும் வரும் என்ற பயம் இரு பக்கமும் இருந்தது. அதனால் தேர்ந்தெடுக்கப்பட்ட 178 பேரைக் கீழூரில் கூட்டினார்கள். 170 பேர் இந்தியா என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். சட்டத்தின் எழுத்தையும் காப்பாற்றி, காரியத்தையும் முடித்த யோசனை. இது கணக்கர் மூளை. இதை நான் மெச்சுகிறேன்.

ஆனாலும் 1954இல் வந்தது நிர்வாகம் மட்டும். சட்டப்படி உரிமை மாற்றும் உடன்படிக்கை 1956 மே 28. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டு அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. எட்டு ஆண்டுகள் இழுத்தார்கள். ஏன் தெரியுமா? அல்ஜீரியா போகிறவரை எந்த மண்ணையும் விட்டதாகக் காகிதத்தில் எழுத அவர்களுக்குக் கை வரவில்லை. 1962 ஜூலையில் அல்ஜீரியா போயிற்று. அடுத்த மாதமே நமக்கும் கையெழுத்து முடிந்தது. ஆக அந்தச் சமாசாரத்தில் நமக்கு விடுதலை ‘தந்தவர்’ பட்டியல் போட்டால் அல்ஜீரியக்காரன் பெயரும் சேர்க்க வேண்டும்.

செங்கொடி64 | நவம்பர் 1, இரவு 9.52

ஐயா, இந்தக் கடைசி வரிக்காக உங்களுக்கு நான் மாலை போடுகிறேன்.

முத்தியால்பேட்டை | நவம்பர் 1, இரவு 10.20

ஒரு சின்ன விஷயம். கீழூர் வாக்கெடுப்பு 1954 அக்டோபர் 18. மெந்தேஸ் பிரான்ஸ் இறந்தது 1982 அக்டோபர் 18, பாரிஸ் வீட்டில், எழுத்து மேசையில். அதற்கு முந்தைய ஆண்டு மித்தரான் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது, நீங்கள் இல்லாமல் இது நடந்திருக்காது என்று சொல்லி இவரைக் கட்டிப்பிடித்த படம் பார்த்திருக்கிறேன். கிழவர் அழுதுகொண்டிருப்பார்.

கணக்கப்பிள்ளை | நவம்பர் 1, இரவு 10.31

தேதிப் பொருத்தம் பார்ப்பது ஜோசியர் வேலை தம்பி. அழுதார் என்பது சரி. அல்ஜீரியா என்றும் பிரெஞ்சு மண்ணே என்று 1954இல் சேர்ந்து பாடிய இருவரில் ஒருவன் கடைசியில் அரண்மனைக்குப் போனான், ஒருவன் போகவில்லை. யாராக இருந்தாலும் அழுகை வரும்.

மணிமொழி | நவம்பர் 1, இரவு 10.50

படத்தை எடுக்கவில்லை. தலைப்பை மாற்றியிருக்கிறேன். ‘தந்தவர்’ போயிற்று. ‘தடுக்காதவர்’ என்பதும் எனக்கு மனம் வரவில்லை. சலாசாரைப் பார்த்த பிறகு தடுக்காமல் இருப்பது சும்மா இருப்பது அல்ல என்றே தோன்றுகிறது. இப்போது இப்படி இருக்கிறது: ‘1954 நவம்பர் 1இல் பிரான்சின் பிரதமராக இருந்தவர்’.

கணக்கப்பிள்ளை | நவம்பர் 1, இரவு 10.58

ஒப்பம்.

செங்கொடி64 | நவம்பர் 1, இரவு 11.03

பக்கத்தில் சுப்பையா படமும் வேண்டும். நேரு படத்தைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது.

மணிமொழி | நவம்பர் 1, இரவு 11.06

நல்ல படம் இருந்தால் அனுப்புங்கள் தோழரே. என்னிடம் இருப்பது மங்கலாக இருக்கிறது.